ஐயுறுவோர்க்கு ஆக்கினையா?

ஓர் அறக்கேள்வியை இம்மலரின் வாசகர் முன் வைக்க விழைகின்றோம். கடவுள் உண்டா இல்லையா என்பதன்று அக்கேள்வி. எச்சமயம் பெரிது என்பதும் அன்று. மெய்யை அறியும் வேட்கையோடு தேடி, நூல்களைக் கற்று, சான்றோரை வினவி, இயன்றவரை நல்லொழுக்கத்தில் நின்று, அதன் பின்னும் உள்ளம் உடன்படாத ஒருவரை, அவ்வுடன்படாமை ஒன்றையே குற்றமாகக் கொண்டு முடிவில்லாத் தண்டனைக்கு உள்ளாக்குதல் நீதியாகுமா என்பதே கேள்வி. ஆகாது என்பது நம் முடிபு. அம்முடிபுக்கான காரணங்களை இங்கு முறையாக எடுத்துரைப்போம்.

கிறித்தவ மக்கள்பால் நமக்கு மாறாத மதிப்புண்டு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு இக்கொல்கத்தாவில் குடியேறிய நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் கிறித்தவப் பள்ளிகளில் எழுத்தறிந்தனர். நம் சங்கத்திலேயே கிறித்தவத் தமிழர் நம்மோடு ஒரு பந்தியில் அமர்ந்து பொங்கல் உண்கின்றனர். பகைமை நெஞ்சில் இருந்தால் இக்கட்டுரை தோன்றியிராது. நெருக்கம் இருப்பதாலேயே தோன்றியது. அண்டை வீட்டார் நம்மை அன்போடு நோக்கிக்கொண்டே, நம்முடைய முடிவு நித்திய நெருப்பு என்றும் உள்ளூர எண்ண வேண்டியவராயின், அந்நிலை அவர்க்கும் துன்பம்; நமக்கும் துன்பம். அதனைப் பேசாது மறைத்தல் நட்பாகாது.

கொள்கை யாது?

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேசு நகரின் ஆயராக விளங்கிய சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்னும் கருத்தை வலியுறுத்தினார். 1442இல் புளோரன்சுப் பொதுச்சங்கம், புறச்சமயத்தாரும் யூதரும் சபையிலிருந்து பிரிந்தோரும் இறக்குமுன் சபையிற் சேராவிடின் அணையாத் தீக்கு இரையாவர் என அறுதியிட்டது. அத்தனாசியார் பெயரால் வழங்கும் விசுவாச அறிக்கை, மூவொரு கடவுள் கொள்கையைச் சிறிதும் குறையாமல் பற்றி நில்லாதவர் ஐயமின்றி அழிவர் என்று தொடங்குகின்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல், இவ்வறிக்கையை ஆண்டின் பதின்மூன்று திருநாள்களில் ஓதுமாறு விதித்திருந்தது. சீர்திருத்தச் சபையினர் பலர் உரோமாபுரியோடு ஆயிரம் வகையில் முரண்பட்டாலும், விசுவாசம் இல்லாதவர்க்கு இரட்சிப்பு இல்லை என்னும் இவ்வொன்றில் முரண்படவில்லை.

இக்கொள்கைக்கு ஆதாரமாகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது, விசுவாசியாதவன் ஆக்கினைக்கு உள்ளாவான் என மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதியில் காணும் உரை. ஆனால் அந்நற்செய்தியின் இறுதிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரு பெருஞ்சுவடிகளாகிய சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இல்லை. கிறித்தவ அறிஞரே கண்டு கூறிய செய்தி இது. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு இடைச்செருகல் எது, மூலபாடம் எது என்று ஆராய்ந்த உ. வே. சாமிநாதையரின் மரபில் வந்த தமிழர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. கோடிக்கணக்கான உயிர்களின் முடிவை ஒரு வசனத்தின் மேல் ஏற்றுவோர், அவ்வசனம் நிற்கும் தூண் எத்தகையது என்று முதலில் தட்டிப் பார்த்திருக்க வேண்டாவோ? யோவான் நற்செய்தி முதலியவற்றிலும் இக்கருத்தை ஒத்த உரைகள் உள்ளன என்பதை மறுக்கவில்லை. பெரிதும் முழங்கப்படும் வசனத்தின் நிலை இது என்பதையே சுட்டுகின்றோம்.

சீராம்பூர்ச் சான்று

கருத்தளவில் நின்று வாதிடுவதைவிட, ஒரு மனிதரை முன்னிறுத்தி வழக்கை நடத்துதல் நன்று. அவ்வாறு நிறுத்தத்தக்க மனிதரும், வழக்கு நிகழ்ந்த இடமும் நமக்கு மிக அருகிலேயே உள்ளனர். ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்த சீராம்பூர், கேரி, மார்ஷ்மன், வார்டு என்னும் மூன்று பாப்திஸ்து ஊழியர்கள் அரும்பணி புரிந்த ஊர். வங்க மொழியில் புதிய ஏற்பாட்டை 1801இல் அச்சேற்றியவர்களும், 1818இல் கல்லூரி கண்டவர்களும் அவர்களே. அவர்தம் உழைப்பை வங்கம் மறவாது.

அக்காலத்தே கொல்கத்தாவில் வாழ்ந்தவர் இராசாராம் மோகன்ராய். உடன்கட்டை ஏற்றும் கொடுமையை எதிர்த்துப் போராடி, 1829இல் அதற்குத் தடை பிறக்கக் காரணமானவருள் தலையாயவர். அவர் கிறித்தவ வேதத்தை மேலெழுந்தவாரியாகப் புரட்டிவிட்டுப் பழித்தவர் அல்லர். அதனை மூலத்திலேயே கற்க வேண்டுமென எபிரேயமும் கிரேக்கமும் பயின்றவர். ஏசு பெருமானின் அறவுரைகளில் உள்ளம் தோய்ந்து, அவற்றைத் தொகுத்து, அமைதிக்கும் இன்பத்துக்கும் வழி இதுவே எனப் பெயரிட்டு 1820இல் வெளியிட்டார். அற்புதச் செயல்களையும் கோட்பாட்டுச் சிக்கல்களையும் விலக்கி, ஒழுக்க உரைகளை மட்டும் தந்தது அந்நூல்.

இந்து ஒருவர் ஏசுவின் உரைகளைத் தலைமேற்கொண்டு பரப்ப முன்வந்தபோது, சீராம்பூரிலிருந்து எழுந்தது வாழ்த்தன்று, கண்டனமே. அவ்வூரார் நடத்திய இதழ் அவரை அறிவுடைய அஞ்ஞானி என்னும் பொருள்படச் சுட்டியது. ஏசுவின் தெய்வத்தன்மையையும் அவர் சிலுவையில் செலுத்திய பாவநிவாரணப் பலியையும் ஏற்காமல், அறவுரைகளை மட்டும் பின்பற்றுதல் மீட்புக்குப் போதாது என்பது மார்ஷ்மனின் வாதம். மோகன்ராய் 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறையீட்டு நூல்கள் எழுதி, வேதவாக்கியங்களைக் கொண்டே விடையிறுத்தார். மூன்றாம் நூலை அச்சிடப் பாப்திஸ்து அச்சகம் மறுத்துவிடவே, தாமே ஓர் அச்சகம் அமைத்து அதனை வெளியிட்டார். கருத்தை எதிர்க்கலாம்; எதிர்ப்பவர் கேட்கும் கேள்விக்கு அச்செழுத்தையே மறுத்தல் எவ்வகை உறுதி என்பதை வாசகர் எண்ணுக.

இவ்வழக்கில் மற்றொருவரும் உண்டு. வில்லியம் ஆடம் என்பவர் பாப்திஸ்து ஊழியர். நற்செய்திகளை வங்கத்தில் பெயர்க்கும் பணியில் அவரும் மோகன்ராயும் ஈடுபட்டிருந்தனர். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் வரும் சிறு கிரேக்க இடைச்சொல் ஒன்றை, 'அவரால்' எல்லாம் ஆயின என்று பெயர்ப்பதா, 'அவர் வழியாக' எல்லாம் ஆயின என்று பெயர்ப்பதா என்னும் வினா எழுந்தது. நம் மொழியில் ஒரு வேற்றுமை உருபு மாறுவது போன்றது இது. ஆயினும் படைத்தவர் அவரே என்பதற்கும், படைப்புக்கு அவர் கருவியாக நின்றார் என்பதற்கும் இடையே எத்தனை தொலைவு! மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த ஆடம், 1821இல் மூவொரு கடவுள் கொள்கையைக் கைவிட்டு ஓரிறைக் கொள்கையை ஏற்றார். நகரத்துக் கிறித்தவர்கள் அவரை இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம் என எள்ளினர்.

ஆடம் செய்த குற்றம் யாது? வேதத்தை அலட்சியம் செய்தாரா? இல்லை, பிறர் கண்ணுக்குத் தப்பும் இடைச்சொல்லையும் விடாது கற்றார். ஊதியம் கருதி மாறினாரா? இல்லை, மாறியதால் தம் சபையின் ஆதரவை இழந்தார். இறைமேல் அன்பு குன்றிற்றா? அதுவும் இல்லை. மேலே சொன்ன விசுவாச அறிக்கையைச் சொல்லுக்குச் சொல் கொள்வோமாயின், ஆடமும் மோகன்ராயும் ஐயமின்றி அழிய வேண்டியவர்கள். அதே வேளையில், அவ்விடைச்சொல்லை ஒருபொழுதும் எண்ணிப் பாராமல், பிறந்த வீட்டில் ஓதியதைத் தாமும் ஓதிய ஒருவர் மீட்புக்கு உரியவர். கற்றது குற்றமாகவும் கல்லாமை காப்பாகவும் அமையும் இத்தீர்ப்பை நீதி என்று எவ்வாறு அழைப்பது?

நம்பிக்கை ஏவலுக்கு அடங்குமா?

கையை உயர்த்து என்றால் உயர்த்தலாம். பொய்யுரையாதே என்றால் முயன்று அடங்கலாம். இது மெய்யென நம்பு என்று ஆணையிட்டால், உள்ளம் அதற்கு எங்ஙனம் பணியும்? சான்று போதியதாகத் தோன்றும்போது நம்பிக்கை தானே பிறக்கின்றது; தோன்றாதபோது, நம்புவதுபோல் நடிக்கலாமேயன்றி நம்ப இயலாது. ஆதலின் நம்பிக்கையின்மையைத் தண்டிக்கும் சட்டம், நடைமுறையில் நடிப்புக்குப் பரிசளிக்கும் சட்டமாகவே முடியும்.

நாம் அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்நாளைக் கழிப்பவர்கள். நமக்கு நன்கு தெரிந்த ஓர் உவமையால் இதனை விளக்குவோம். பண்டகசாலையின் இருப்பைச் சரிபார்த்துச் சான்றளிக்குமாறு இரு எழுத்தரிடம் பதிவேடு தரப்படுகின்றது. ஒருவர் பண்டகசாலையின் பூட்டையும் திறவாமல், எல்லாம் சரியாக உள்ளது என்று கையொப்பமிடுகின்றார். மற்றவர் நாள் முழுதும் எண்ணிப் பார்த்து, இன்னின்ன இனங்கள் தென்பட்டன, இன்னின்னவற்றைச் சரிபார்க்க இயலவில்லை என்று உள்ளது உள்ளவாறு எழுதுகின்றார். தணிக்கை அதிகாரி வரும்போது எவர் மேல் நடவடிக்கை எடுப்பார்? பாராததைப் பார்த்ததாக எழுதியவர் மேலன்றோ? சரிபார்க்க இயலவில்லை என்று எழுதிய கைதான் நம்பத்தக்க கை. நேர்மையாக ஐயுறுவோர் இறைவன் தந்த பதிவேட்டில் எழுதும் குறிப்பும் இதுவே. இதனை எழுதியவரை எரியில் இட்டு, பாராமல் ஒப்பமிட்டவரை அரியணையில் ஏற்றும் தலைமை அதிகாரி ஒருவர் இருப்பாராயின், அவருடைய அலுவலகத்தில் உண்மை எத்தனை நாள் தங்கும்?

நம்பிவிடுவதே ஆதாயம் என்பாரும் உளர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் பாஸ்கல் இதனைப் பந்தயம் போல் எடுத்துரைத்தார். கடவுள் இருந்தால் நம்பியவர்க்கு அளவிலா இலாபம். இல்லையாயின் இழப்பு சிறிது. ஆதலின் நம்பும் வழியில் செல்க என்பது அவர் கணக்கு. பாஸ்கலின் பேரறிவை வணங்குகின்றோம். இக்கணக்கை வணங்க இயலவில்லை. ஆதாயம் கருதி வந்து பணிபவரையும், உண்மை கருதித் தயங்கி நிற்பவரையும் வேறுபடுத்தி அறியாத கடவுளை, எல்லாம் அறிந்தவர் என்று சொல்லுதல் எப்படி? வேறுபடுத்தி அறிந்தும் முன்னவரையே ஏற்பாராயின், அவர் முகத்துதிக்கு மயங்கும் சிற்றரசர்க்கும் கீழானவர் ஆகிவிடுவாரே!

தண்டனையின் அளவு

இனித் தண்டனையின் அளவைக் காண்போம். 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி விதிகளை நம்மில் பலர் அறிவோம். குற்றத்துக்கு ஏற்பத் தண்டனையும் அங்கே படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. கண்டித்துக் குறிப்பெழுதுதல் முதல், ஊதிய உயர்வை நிறுத்தி வைத்தல், பதவியிறக்கம் எனச் சென்று, பணியைவிட்டே அகற்றுதல் வரை. குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, தம் தரப்பை எடுத்துரைக்கத் தக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு காவல் செய்கின்றது. மேல்முறையீடும் உண்டு. மிகக் கடிய தண்டனையாகிய பணியறவும் வேலையைத்தான் பறிக்கும். வாழ்வை முடிவில்லாமல் வதைக்காது. குறைகள் மலிந்த மனிதர் வகுத்த விதிகளே இத்தனை நிதானம் காட்டுகின்றன. நீதியின் வடிவமே இறைவன் எனின், அவன் தீர்ப்பு இவற்றினும் உயர்ந்திருக்க வேண்டுமேயன்றித் தாழ்ந்திருத்தல் தகுமா? எழுபது எண்பது ஆண்டு வாழ்வில் ஒருவர் எத்தகைய பாதகம் செய்தாலும் அது ஓர் அளவுக்கு உட்பட்டதே. அளவுள்ள குற்றத்துக்கு அளவில்லாத் தண்டனை எவ்வகைக் கணக்கிலும் பொருந்தாது.

அளவிலா மேன்மையுடைய கடவுளுக்கு இழைத்த குற்றமாதலின் அதுவும் அளவில்லாதது என்று இடைக்கால இறையியலார் விடை கூறுவர். இவ்விடை அரசவைக்கு ஏற்கும், அறத்துக்கு ஏலாது. மடியிலிருக்கும் குழந்தை தந்தையின் முகத்தில் அறைகின்றது. தந்தை நாடாளும் மன்னர் என்பதற்காகக் குழந்தையைச் சிறையிடுவார் உண்டா? தந்தையின் பெருமை வளர வளர அவர் பொறுமையும் வளரும் என்பதன்றோ நாம் கண்டது? அறையவும் இல்லாமல், தந்தை யாரென்று தெளிவாகத் தெரியவில்லையே என்று தேம்பும் குழந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

இக்கொள்கையின் வன்மை ஒரு குடும்பத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சார்லசு டார்வின் வாழ்வு சான்று. அவர் மனைவி எம்மா பக்தியுடையவர். கணவரின் ஐயங்களால் மறுமையில் இருவரும் பிரிய நேருமோ என்று கலங்கி, திருமணமான காலத்திலேயே அன்பொழுகக் கடிதம் எழுதினார். டார்வின் அக்கடிதத்தைப் போற்றிக் காத்தார். தம் தந்தையும் தமையனும் நண்பர் பலரும் நம்பாதவராதலின், அவர்களுக்கு முடிவில்லாத் தண்டனை என்னும் கோட்பாடு வெறுக்கத்தக்கது என்று தம் வரலாற்றில் டார்வின் எழுதிவைத்தார். 1887இல் அந்நூல் வெளிவந்தபோது எம்மாவின் விருப்பப்படி அப்பகுதி நீக்கப்பட்டது. 1958இல்தான் அவர் பேத்தி நோரா பார்லோ அதனை முழுமையாகப் பதிப்பித்தார். இதற்கிடையே 1882இல் மறைந்த டார்வினை இங்கிலாந்து வெசுட்மினிசுட்டர் பேராலயத்திலேயே அடக்கம் செய்து சிறப்பித்தது. ஏட்டிலுள்ள கொள்கை அவருக்கு ஆக்கினை விதித்தது; மக்களின் மனச்சான்று அவருக்கு ஆலயத்தில் இடம் தந்தது. இரண்டில் எது ஏசு பெருமானின் நெஞ்சுக்கு நெருங்கியது?

மறுப்புகளும் விடைகளும்

ஐயம் அறிவிலிருந்து பிறப்பதன்று, அகந்தையிலிருந்தும் பாவ இச்சையிலிருந்தும் பிறப்பது என்று சிலர் கூறுவர். அத்தகைய ஐயமும் உலகில் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் ஐயுறுவோர் அனைவரையும் விசாரணையின்றி ஒரே குற்றப்பத்திரிகையில் எழுதுதல் முறையா? நம்புவோருள்ளும் அச்சத்தால், பழக்கத்தால், ஆதாயத்தால் நம்புவோர் உளரே. அவரைக்கொண்டு நம்பிக்கை முழுவதையும் பழித்தால் ஏற்பரோ?

கடவுள் எவரையும் நரகுக்கு அனுப்புவதில்லை, அவரவரே அதனைத் தேர்ந்துகொள்கின்றனர் என்பது அடுத்த விடை. சென்ற நூற்றாண்டில் சி. எஸ். லூயிசு முதலியோர் இதனை நயம்பட எழுதினர். அன்பை அறிந்தே உதறுபவர் திறத்து இது பொருந்தலாம். நேர்மையாக ஐயுறுபவர் எதனை உதறினார்? வாயில் எதுவெனத் தெரியாமல் சுவரெங்கும் தடவித் தேடுபவரை, நுழைய மறுத்தவர் என்று எழுதுதல் பொய்க்குறிப்பு ஆகும்.

திருச்சபை இப்போது மாறிவிட்டது, பழங்கதை பேசுவானேன் என்பது மூன்றாம் விடை. இதனை மகிழ்ச்சியோடு ஏற்கின்றோம். மாற்றம் எளிதில் வரவில்லை. முடிவில்லாத் தண்டனை என்னும் கருத்தை ஐயுற்று எழுதியமைக்காக, 1853இல் இலண்டன் கிங்சு கல்லூரிப் பேராசிரியர் மாரிசு பதவியிழந்தார். சபைக்கு வெளியே எவர்க்கும் மீட்பில்லை என்று பாசுடன் நகரில் விடாப்பிடியாக முழங்கிய பீனி என்னும் குருவுக்கு, அக்கொள்கையை அவ்வாறு இறுக்கிப் பொருள்கொள்ளலாகாது என 1949இல் உரோமாபுரி விளக்கியது. பணியாமையால் 1953இல் அவர் சபையிலிருந்தே விலக்கப்பட்டார். வெளியே மீட்பில்லை என்றவர் தாமே வெளியே நிற்க நேர்ந்த முரணை என்னென்பது! 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கடவுளைத் தெளிவாக அறியும் நிலையை அடையாதவர்களும், நேரிய வாழ்வு வாழ முயல்வாராயின், இறையருளின் உதவியை இழப்பதில்லை என்று அறிவித்தது. 2013இல் போப்பாண்டவர் பிரான்சிசு, நம்பிக்கையற்ற இத்தாலிய இதழாசிரியர் ஒருவர்க்கு எழுதிய மடலில், நம்பாதவர்க்கும் மனச்சான்றுக்கு மாறாக நடத்தலே பாவம் என்னும் கருத்தை உரைத்தார்.

நம் வாதமும் இதுவே. பின் ஏன் இன்னும் எழுதுகின்றோம்? ஏட்டில் மாறியது மேடையில் மாறவில்லை, ஆதலின் எழுதுகின்றோம். சங்கத்தின் அறிக்கை அலமாரியில் உறங்குகின்றது. தெருமுனையில் பரப்பப்படும் துண்டுத்தாளில் நெருப்புக்கடல் இன்றும் எரிகின்றது. அத்தாளைப் படித்துவிட்டு வீடு திரும்பும் எட்டு வயதுப் பிள்ளை, ஊரிலிருக்கும் ஆத்தாவும் அந்நெருப்பில்தான் விழுவாரா என்று தாயிடம் கேட்குமாயின், அத்தாய் என்ன விடை சொல்வாள்? பிறர்க்கெனப் பானை நிறையச் சமைத்து, கடைசியாகத் தான் உண்ணும் ஓர் ஏழைக் கிழவியின் கதி, அறியாத ஒரு கோட்பாட்டுக்குத் தலையசைக்காததால் முடிவாகிவிடுமா? பிள்ளை நெஞ்சில் விதைக்கும் இவ்வச்சம் எவ்வகை நற்செய்தி?

நம் பக்கத்து அழுக்கு

பிறரை மட்டும் சுட்டி நிற்பது நேர்மையன்று. நம் புராணங்களிலும் எண்ணெய்க் கொப்பரைகள் கொதிக்கின்றன. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்லும் கதையைக் கண்ணீரின்றிக் கேட்டு வந்தவர் நம் முன்னோர். நம் நரகங்கள் பெரும்பாலும் வினை தீர்ந்தபின் விடுபடும் நரகங்கள் என்பது உண்மை. எனினும் மீளா இருளுக்கு உரிய உயிர்களும் உண்டு என்று மத்துவாசாரியார் மரபு கூறுவதை மறைப்பதற்கில்லை. கிறித்தவரிடம் நாம் கேட்கும் கேள்வியை நம் மடங்களிடமும் அதே குரலில் கேட்க வேண்டும். ஐயுறுவோரின் உரிமை ஒரு சமயத்துக்கு எதிரான படைக்கலமன்று. எல்லாச் சமயத்துக்கும் வைக்கும் உரைகல்.

ஏசு பெருமான் காட்டும் வழி

கிறித்தவ அன்பர்கள் வேறெங்கும் செல்ல வேண்டுவதில்லை. தம் வேதத்தையே மீண்டும் விரித்துப் பார்த்தால் போதும். மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பின் காட்சி வருகின்றது. அங்கே அரசர் கேட்பன யாவை? பசித்தவர்க்கு உணவிட்டாயா, ஆடையற்றவர்க்கு ஆடை தந்தாயா, நோயுற்றவரையும் சிறையிலிருந்தவரையும் சென்று கண்டாயா என்பவையே. மூவொரு கொள்கையைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. தாம் யாருக்குத் தொண்டு செய்தோம் என்று அறியாமலே செய்தவர்கள் வலப்பக்கம் நிற்கின்றனர். அதே காட்சியில் நித்தியத் தண்டனையும் பேசப்படுகின்றது, ஆனால் அது விதிக்கப்படுவது இரங்காதவர்க்கு, ஐயுற்றவர்க்கன்று.

இனித் தோமாவைக் காண்க. உடன் சீடர் அனைவரும் உரைத்தும், தழும்பைத் தொட்டுப் பாராமல் நம்பேன் என்றவர் அவர். அவரை ஏசு தள்ளினாரா? எட்டு நாள் கழித்து வந்து, தம் காயங்களையே காட்டினார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று சொன்னதும் உண்மை. காண விரும்பியோர் கெட்டொழிக என்று சொன்னாரில்லை. அந்தத் தோமாவே நம் நாட்டுக்கு வந்து, சென்னையில் அவர் பெயர் தாங்கும் பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பது இந்தியக் கிறித்தவரின் மரபு. ஐயத்தின் வழியே வந்தவரைத் தம் முதல் அப்போஸ்தலராகப் போற்றும் மக்கள், ஐயுறுவோர்க்கு ஆக்கினை என்று சொல்வது தம் குலமுதல்வரை மறப்பதாகும்.

இந்நகரின் அன்னை தெரேசாவையும் நினைவோம். அவர் மறைந்து பத்தாண்டுக்குப் பின், 2007இல் வெளிவந்த கடிதங்கள், ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் இறைவன் அண்மையை உணர முடியாத இருளில் அவர் தவித்ததைக் காட்டின. அவர் நம்பிக்கையைக் கைவிடவில்லை, அதனை நன்கறிவோம். ஆயினும் அவ்விருளை அறிந்தும் 2016இல் அவரைப் புனிதர் வரிசையில் ஏற்றிய திருச்சபை, அதே இருளில் நின்றுகொண்டு, ஒளி எனக்குத் தெரியவில்லை என்று மெய்யுரைக்கும் எளியவர்பால் கடுமை காட்டலாமோ?

முடிபாக மூன்று சொல்வோம். கிறித்தவ அன்பர்களே, உங்கள் சபையின் ஆன்றோர் 1964இல் எழுதியதை மேடையிலும் வகுப்பறையிலும் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் நெஞ்சிலுள்ள நெருப்பை அணையுங்கள். நம் மக்களே, பிறர் நம்பிக்கையை எள்ளுதலை ஐயம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். மோகன்ராய் கேள்வி கேட்குமுன் எபிரேயம் கற்றார். ஐயுறுவோரே, அஞ்ச வேண்டா. ஆனால் சோம்பவும் வேண்டா. தேடுதலை நிறுத்திய ஐயம் வெறும் மறுப்பாகிவிடும். தேடிக்கொண்டே, பசித்தவர்க்குப் பகிர்ந்துகொண்டே, அறியாததை அறியேன் என்று சொல்லும் துணிவோடு வாழுங்கள். நீதியுள்ள இறைவன் ஒருவன் உளன் எனின், அத்தகைய வாழ்வை அவன் குற்றமாகக் கொள்ளான். குற்றமாகக் கொள்வோன் எவனாயினும், அவனுக்கு நீதிமான் என்னும் பெயர் பொருந்தாது.